பத்து சிட்டிங்குக்கு முன்: பீன்யா தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் லேத்தின் முன்னும் தையல் எந்திரத்தின் முன்னும் காலம் கழிக்கும் தமிழ்த் தோழர்களுக்கும் தோழியருக்கும்,



ஷிஃப்ட் விடும் நேரத்தில் பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டுகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இளவட்டங்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறார்கள். ஐம்பதை நெருங்கியவர்கள் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, ஒரு காலை வைத்து, மறுகாலை அதே படியில் கொண்டுவந்து சேர்த்து, ஒரு மூச்சு விட்டு அடுத்த படிக்குப் போகிறார்கள். அவர்களில் சிலருடைய பையில் டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே மடித்த சீட்டு ஒன்று இருக்கும். அதில் எழுதியிருப்பது: அல்ட்ராசவுண்ட், பத்து சிட்டிங்.

பிசியோதெரபி அறையில் மூட்டுவலிக்குப் பத்து முறை அல்ட்ராசவுண்ட் வைத்துக்கொள்ளச் சொல்லும் அந்தச் சீட்டைப் பற்றியது இந்த மடல்.

சீட்டை எழுதிக் கொடுத்தவரைக் குறை சொல்வது இதன் நோக்கமில்லை. ஒரு நட்டு போல்ட்டு வாங்கினாலும் டிராயிங் எங்கே, டாலரன்ஸ் எவ்வளவு என்று கேட்கிற ஊர் பீன்யா. அதே ஊர்க்காரர்கள் தங்கள் முழங்கால் விஷயத்தில் மட்டும் ஒன்றும் கேட்காமல் காலை நீட்டிப் படுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த அல்ட்ராசவுண்ட் எந்திரம் என்ன செய்கிறது, எந்த வலிக்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு படுத்தால் பணமும் மிஞ்சும், மூட்டும் மிஞ்சும்.

அல்ட்ராசவுண்ட் என்கிற கேளா ஒலி உங்களுக்கு அந்நியமும் இல்லை. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். அதைத் தாண்டியது அல்ட்ராசவுண்ட். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டும் அல்ட்ராசானிக் வெல்டிங் எந்திரம் பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய உதிரிபாகங்களைக் கழுவும் தொட்டி 28 அல்லது 40 கிலோஹெர்ட்ஸில் அதிர்கிறது. வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் யூ.டி. சோதனையில் புரோப் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்தப் புரோப்பை வைக்கும் முன் கிரீஸோ ஜெல்லோ தடவுவது ஏன் என்று குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறவர் சொல்லிவிடுவார்: நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே இறங்காது, மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். பிசியோதெரபி அறையில் முழங்காலில் ஜெல் தடவுவதும் அதே காரணத்துக்காகத்தான். சாதாரண ஜெல்லில் மருந்து எதுவும் கிடையாது. அதை வாங்கி வந்து வீட்டில் தேய்த்தால் துணிதான் பிசுபிசுக்கும்.

சிகிச்சை எந்திரத்தில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 1 மெகாஹெர்ட்ஸ் தோலுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை இறங்கும். 3 மெகாஹெர்ட்ஸ் ஒன்றிரண்டு சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். ஆகவே விரல் மூட்டுக்கு ஒன்று, தொடைச் சதைக்கு வேறொன்று. ஒலியைத் தொடர்ச்சியாகவும் விடலாம், விட்டுவிட்டும் விடலாம். தொடர் அலை உள்ளே சூடு உண்டாக்கும். விட்டு விட்டு வரும் அலையில் சூடு குறைவு. திசுவுக்கு ஒருவித நுண்ணிய அதிர்வுதான் கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனும் கேளா ஒலிதான் என்றாலும் அதன் வேலை படம் பிடிப்பது. அல்ட்ராசவுண்ட் பத்து முறை எடுத்தும் ரிப்போர்ட் தரவில்லை என்று சண்டை போடுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்.

இந்த எந்திரத்தின் பூர்விகம் போர்க்களம். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880இல் பிரான்சில் ழாக் கியூரியும் பியேர் கியூரியும் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய அந்தப் படிகத்தைக் கொண்டு கேளா ஒலியை நீருக்குள் அனுப்பியவர் பால் லாஞ்சவென். 1917 வாக்கில் அவர் ஒன்றைக் கவனித்தார்: ஒலிக்கற்றையின் பாதையில் வந்த மீன்கள் செத்து மிதந்தன, கையை நீட்டினால் வலித்தது. உயிருள்ள சதையை இந்த ஒலி ஏதோ செய்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1930களின் கடைசியில் ஜெர்மனியில் ரைமர் போல்மன் அதைக் குறைந்த அளவில் நோயாளிகளின் நரம்பு வலிக்குப் பயன்படுத்தினார். போருக்குப் பின் உலகெங்கும் பரவி, இன்று சின்னஞ்சிறு கிளினிக்கிலும் ஒரு டிராலியில் உட்கார்ந்திருக்கிறது.

இனி ஒரு கணக்கு. 1 மெகாஹெர்ட்ஸ் அலையைச் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 வாட் அளவில் தொடர்ச்சியாக விட்டால் தசை நிமிடத்துக்குச் சுமார் 0.3 டிகிரி சூடேறும் என்று அமெரிக்காவில் 1990களில் ஊசி வெப்பமானி செருகி அளந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரி. அதுவும் தோலில் வைக்கும் எந்திரத் தலையைப் போல இரண்டு மடங்கு பரப்பில் மட்டும் மெதுவாக நகர்த்தினால்தான். தலையின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர் என்றால் ஒரே தடவையில் 10 சதுர சென்டிமீட்டருக்குத்தான் அது போதும். முழங்காலின் சுற்றளவு என்ன என்று ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். மூட்டு முழுவதும் ஐந்தே நிமிடத்தில் சுற்றிச்சுற்றித் தேய்த்துவிட்டு அனுப்பினால் உள்ளே போன சூடு எவ்வளவு இருக்கும் என்பதைப் பெயின்ட் பூத்தில் வேலை செய்கிறவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெயின்ட்டை ஒரு கதவுக்கும் அடிக்கலாம், ஒரு ஷெட்டுக்கும் அடிக்கலாம்.

இது எந்த மூட்டுவலிக்கு என்பதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி.

துமகூரு சாலை மேம்பாலம் நினைவிருக்கிறதா? 2021 டிசம்பரில் திடீரென்று மூடினார்கள். கீழே சாலையில் நீங்கள் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மேலே பார்த்தால் தார் நன்றாகத்தான் இருந்தது. பழுது, காங்கிரீட்டுக்குள் பாலத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளில். இந்திய அறிவியல் கழகத்து நிபுணர்கள் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள். சிறு வண்டிகளை முதலில் விட்டார்கள். கம்பிகளைச் சீர்செய்த பிறகே லாரிக்கு வழி கிடைத்தது. எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் மேலே புதுத் தார் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூட்டுவலி என்ற ஒரே பெயருக்குள்ளும் வேறுவேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. குறுத்தெலும்பு தேய்ந்து, மூட்டின் அமைப்பே மெல்ல மாறுவது மூட்டுத் தேய்மானம். 2020இல் உலகில் 59.5 கோடிப் பேருக்கு அது இருந்தது என்பது ஒரு பெரிய உலகளாவிய கணக்கெடுப்பின் முடிவு. முடக்குவாதம் வேறு சாதி. அதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறது. வட இந்தியக் கிராமங்களில் நடந்து 1993இல் வெளியான ஆய்வொன்று பெரியவர்களில் 0.75 சதவீதத்தினருக்கு அது இருப்பதாகக் காட்டியது. ஆயிரம் பேர் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸ் ஆலைக்கு அந்த விகிதத்தைப் போட்டால் ஏழெட்டுப் பேர். மூன்றாவது சிக்குன்குனியா. 2006இல் கர்நாடகத்தில் மட்டும் ஏழரை லட்சம் பேருக்கு அது வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. காய்ச்சல் போய் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு நடந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள்.

பிரித்தறிய வீட்டிலேயே சில அடையாளங்கள் உண்டு. காலையில் எழுந்ததும் கை விரல்கள் மடங்காமல், அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இளகுகின்றனவா? இரண்டு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்குகின்றனவா? ஆறு வாரமாகியும் தணியவில்லையா? அப்படியானால் அது தேய்மானமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர். பார்க்கச் சொல்லி, மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டும். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்கள் பொன்னானவை. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை அப்போதே தொடங்கினால் மூட்டு கோணாமல் தப்பும். அந்த மாதங்களைப் பத்து சிட்டிங், இன்னொரு பத்து சிட்டிங் என்று கரைத்துவிட்டால் இழந்ததை எந்த ஒலியும் மீட்டுத் தராது.

சூட்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை இங்கே உண்டு. முடக்குவாதத்தில் வீங்கிய உள்ளுறை ஒரு நொதியைச் சுரந்து குறுத்தெலும்பை அரிக்கிறது. 1974இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வகச் சோதனையில், 33 டிகிரியில் இருந்ததைவிட 36 டிகிரியில் அந்த அரிப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக நடந்தது. மூட்டு சிவந்து, தொட்டால் சுட்டு, வீங்கி நிற்கும் நாளில் அதற்குள் மேலும் சூடு ஏற்றுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். அழற்சியைத் தணிக்கத்தான் அல்ட்ராசவுண்ட் என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்த வகை, தொடர் அலையா, விட்டு விட்டு வருவதா என்று கேளுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இப்படிப்பட்ட சோதனையில் ஒரு தந்திரம் உண்டு. பாதிப்பேருக்கு உண்மையான ஒலி, மீதிப் பேருக்கு ஜெல், தலை, விளக்கு எல்லாம் இருக்கும், ஒலி மட்டும் வராது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 1975 முதல் 1999 வரை வெளியான 35 ஆய்வுகளை 2001இல் ஒரு குழு சலித்தெடுத்தது. முறை சரியாக இருந்தவை 10. அவற்றில் ஒலி வராத எந்திரத்தைவிட உண்மை எந்திரம் மேல் என்று காட்டியவை 2. ஒன்று மணிக்கட்டு நரம்பு இறுக்கம். மற்றது தோள்பட்டைத் தசைநாரில் சுண்ணாம்பு படிவது; 1999இல் வியன்னாவில் 15 நிமிடம் வீதம் 24 சிட்டிங் கொடுத்தபோது 19 சதவீதத் தோள்களில் அந்தப் படிவு மறைந்தது, போலி எந்திரத்தில் ஒன்றில்கூட மறையவில்லை. ஆனாலும் ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது வலியில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முழங்கால் தேய்மானத்துக்கு வருவோம். காக்ரேன் என்ற அமைப்பு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவதற்குப் பெயர் பெற்றது. அதன் 2001ஆம் ஆண்டுத் தொகுப்பு, போலி எந்திரத்தைவிடப் பலன் இல்லை என்றது. 2010இல் மறுபடி பார்த்தபோது 5 சிறிய ஆய்வுகள், 341 நோயாளிகள். பத்துக்கு இத்தனை என்று வலியை மதிப்பிட்டால் சுமார் 1.2 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. உதவக்கூடும், ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு என்று முடித்தார்கள். பிரிட்டனின் அரசு வழிகாட்டி அமைப்பான நைஸ், தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று 2022இல் சொன்னது. காரணம், போதிய சான்று இல்லை.

முடக்குவாதக் கைகளில் கொஞ்சம் நல்ல செய்தி. 2002ஆம் ஆண்டுத் தொகுப்பில், கையைத் தண்ணீருக்குள் வைத்துக் கேளா ஒலி செலுத்தியபோது பிடிவலு கூடியது. காலை விறைப்பும் வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையும் ஓரளவு குறைந்தன. கைவிரல் மேடு பள்ளமானது என்பதால் ஜெல்லுக்குப் பதில் தண்ணீர். ஆனால் மொத்தம் இரண்டு ஆய்வுகள், 80 பேர். 

ஆராய்ச்சி அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 2019இல் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு, மூட்டை விட்டுவிட்டு மண்ணீரலின் மேல் ஒலியைச் செலுத்தியது. நாள்தோறும் 20 நிமிடம். எலிகளில் மூட்டு அழற்சி தணிந்தது. எதிர்ப்புச் சக்தியின் கிடங்கான மண்ணீரலைத் தட்டி, அழற்சியின் உத்தரவையே மாற்றும் முயற்சி அது. எலிக்கும் மனிதனுக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்த ஆய்வைக் காட்டி யாராவது இப்போதே வீட்டுக்கு எந்திரம் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

அப்படியென்றால் சிட்டிங் போய் வந்த அக்கா வலி குறைந்தது என்கிறாரே, அவர் பொய்யா சொல்கிறார்? இல்லை. மூட்டுவலி ஏறி இறங்கும் தன்மையுள்ளது. தாங்க முடியாத நாளில்தான் கிளினிக்குக்குப் போவோம், அதன் பிறகு அது தானாகவே கொஞ்சம் இறங்கும். நாள் முழுக்க நின்ற கால் பதினைந்து நிமிடம் ஓய்கிறது. ஒருவர் கையால் தொட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். போலி எந்திரம் கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஆய்வுகளில் வலி குறைந்ததற்கு இவையெல்லாம் காரணம். அந்த நிம்மதி நிஜமானதுதான். ஆனால் அதற்கான கூலியை எந்திரத்துக்கு எழுதிவிட்டால், வேலை செய்யக்கூடிய வேறொன்று பட்டியலிலிருந்து விடுபட்டுப்போகும்.

அந்த வேறொன்று உடற்பயிற்சி. முழங்கால் தேய்மானத்துக்குப் பயிற்சி கொடுத்த 54 ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, நூறு புள்ளி அளவுகோலில் வலி சுமார் 12 புள்ளி குறைந்தது. 2024இல் 139 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட கணக்கில் அது ஒன்பதுக்கு அருகே வந்தது. மாயம் ஒன்றும் இல்லை. ஆனால் சான்று எவ்வளவு தடித்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உடல் எடையும் அப்படித்தான்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்தது. தொடை முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்; சொல்லித் தரவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும். சிட்டிங் நேரத்தில் பாதியாவது பயிற்சிக்குப் போகட்டும். படிக்கட்டில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைப்பதும் இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைப்பதும் அவர்கள் கற்றுத் தரும் பாடத்தில் ஒன்று. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. வீங்கிய நாளில் அதில் ஏறுவதில் வெட்கம் வேண்டாம்.

பயிற்சியோடு சேர்த்து அல்ட்ராசவுண்டும் வைக்கிறார்கள் என்றால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. சிலருக்கு மட்டும் ஆகாது. பேஸ்மேக்கர் வைத்தவர், அந்த இடத்தில் புற்றுக்கட்டி உள்ளவர், கெண்டைக்காலில் ரத்தம் உறைந்தவர், மூட்டில் சீழ் பிடித்தவர் ஆகியோருக்கு. வயிற்றில் குழந்தை உள்ள பெண்ணுக்கு இடுப்பிலும் வயிற்றிலும் வைக்கக் கூடாது. மாற்று மூட்டு பொருத்தியவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவருக்குச் சுடுவது தெரியாது, எலும்பின் மேல் தோல் வெந்த பிறகுதான் தெரியும். தலையை ஒரே இடத்தில் அசைக்காமல் பிடித்தால் யாருக்கும் அந்த ஆபத்து உண்டு. உள்ளே குத்துவது போல வலித்தால் பல்லைக் கடிக்காமல் உடனே சொல்லுங்கள்.

அடுத்தது உங்களுக்கு மிகவும் பழக்கமான சொல்: காலிபரேஷன். உங்கள் மைக்ரோமீட்டரில் அடுத்த சோதனைத் தேதி ஒட்டியிருக்கும். தேதி தாண்டினால் ஆடிட்டர் விடமாட்டார். அல்ட்ராசவுண்ட் எந்திரம் திரையில் காட்டும் வாட்டும் உண்மையில் வரும் வாட்டும் வேறாக இருப்பதைப் பல நாடுகளில் கிளினிக்குகளைச் சோதித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அளக்கும் முறையும் அழகானது. தண்ணீருக்குள் தலையை வைத்து, ஒலி ஒரு தகட்டைத் தள்ளும் விசையைத் தராசில் நிறுக்கிறார்கள். ஒரு வாட் ஒலி சுமார் 69 மில்லிகிராம் எடைக்குச் சமமாகத் தள்ளும், ஏறக்குறைய மூன்று அரிசி மணி. உங்கள் பிசியோ அறை எந்திரத்தில் அந்த ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

காசு விஷயம் கடைசியாக. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு என்பது 2017 முதல் உள்ள வரம்பு. 15,000 ரூபாய் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய்க்கு மேல், மாதாமாதம் உங்களிடமிருந்து போகிறது, முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ராஜாஜிநகரில் மருத்துவக் கல்லூரியோடு கூடிய இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், பீன்யாவிலேயே ஒரு மருத்துவமனையும் இருக்கின்றன. வரிசை நீளம் என்பது உண்மைதான். ஆனால் ரத்தப் பரிசோதனை, மூட்டுவாத மருந்து, பிசியோதெரபி எல்லாம் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டி வைத்தவை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். ஒரு சிட்டிங்குக்கு என்ன வாங்குகிறார்களோ அதைப் பத்தால் பெருக்கி, அரை நாள் லாஸ் ஆஃப் பேயையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள்.

பீஸ் ரேட்டில் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். இந்தச் சிகிச்சையையும் அப்படியே பாருங்கள். முதல் சிட்டிங் போகும் நாள் காலையில், கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்டுகளே பயன்படுத்தும் சோதனைதான் இது. அந்த எண்ணைச் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். பக்கத்திலேயே, காலையில் மூட்டு இளக எத்தனை நிமிடம் ஆனது என்பதையும். பத்தாவது சிட்டிங் முடிந்த மறுநாள் மறுபடி எண்ணி, பழைய எண்ணுக்குக் கீழே எழுதி, இரண்டையும் பிசியோவிடம் காட்டி, பதினொன்றாவது சிட்டிங் எதற்கு என்று கேளுங்கள்.

தோழமையுடன்.